தாள் 47, பின்பக்கம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் பூபுசாரா எஜேயிடம்* எதையும் நீட்ட முடியாது. இது என் கற்பனையில் பிறக்கவில்லை. ஓர் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாவது அடிக்குறிப்பில் பிறந்தது. அந்த அடிக்குறிப்பை எழுதியவள் ஆய்வு மாணவி கான்ஷாயிம். அது தவறு என்று காட்டும் பழைய கட்டுரையை எழுதியவன் நான், பேராசிரியர் சோவேத்பெக்.

ஏற்கெனவே இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நாரின் போகும் முதல் வேனில் உண்மையைத் தேடி ஏறி உட்கார்ந்தேன். மலைப்பாதையில்—" (நிறுத்து. முதலில் ஏறியது நான் இல்லை.)

"முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோப்பைத் திறந்தபோது என் விரல்கள்—" (இது அதைவிட மோசம். திறக்கவே இல்லை.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

*எஜே: அக்கா. எங்கள் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரே அவரை அப்படித்தான் கூப்பிடுவார். சான்று: என் காதால் கேட்டது.

2.

மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதில் ஒரு மேசை, ஒரு தேநீர்க் கெண்டி, எஜே. ஆய்வேடுகளின் மேற்கோள்கள் நெறிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் பிஷ்கெக்கில் எங்கள் கட்டடத்திலிருந்து யாரும் முனைவராக வெளியே போனதில்லை.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பட்டியலில் தலைப்பை உள்ளங்கையால் மூடிவிட்டு, வரியின் வாலை மட்டும் பார்ப்பார்.

"ஊரு, பதிப்பகம், மொத்தப் பக்கம். புத்தகம். இதுல தொகுதி, இதழ் எண், எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம். ஆய்விதழ்க் கட்டுரை. பார்த்த தேதி போட்டிருக்கா? இணையதளம், நாளைக்கு இருக்கோ இல்லையோ. தொகுப்பு, கோப்பு, தாள். காப்பகம், தூசி தட்டியிருக்கான். பேரு, பொறந்த வருஷம், கிராமம். இது மனுஷன்ப்பா, வாயால சொன்னது."

ஒருமுறை ஒருவன் பெரியப்பாவிடம் கேட்ட செய்திக்குப் பக்க எண் போட்டிருந்தான்.

"ஏம்ப்பா, உங்க பெரியப்பாவுக்கு மொத்தம் எத்தனை பக்கம்?"

வராந்தாவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் பக்க எண்ணை அடித்துவிட்டு, பெரியவரைச் சந்தித்த தேதியையும் இடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு மேய்ப்பருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்துக்கும் ஒரே மரியாதையைக் கொடுக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

(எஜேயை அதிகம் புகழ்கிறேனோ? கதாபாத்திரத்துக்கு ஒரு குறையாவது வேண்டும் என்பார்கள். சரி, அவர் போடும் தேநீர் குடிக்க முடியாது.)

3.

1931இல் அக்கெச்சூ என்ற கிராமத்திலிருந்து ஆற்றுக்குப் பாலம் கேட்டு ஒரு மனு போனது. அது நாரின் நகரக் காப்பகத்தில், ஒரு கோப்பின் 47ஆம் தாளில் இருக்கிறது. ஆறு புத்தகங்கள் அதை மேற்கோள் காட்டுகின்றன. ஆறும் சொல்வது ஒன்றுதான்: கையெழுத்தில்லாத மனு, கிராம எழுத்தர் எழுதியிருக்கலாம். அந்த ஆறில் ஒன்று என் கட்டுரை இருக்கும் தொகுப்பு.

கான்ஷாயிம் இப்படி எழுதியிருந்தாள்: "தாள் 47, பின்பக்கம். பதினொரு பெண்களின் கைரேகை." காப்பகத்தில் தாளின் முன்பக்கத்துக்குத்தான் எண் உண்டு. அதனால்தான் 'பின்பக்கம்' என்று தனியாகக் குறிக்க வேண்டும். பாலத்தைக் கேட்டவர்கள் பெண்கள் என்பதுதான் அவளுடைய நான்கு வருட உழைப்பு. அது அந்த ஒற்றைச் சொல்லில் நின்றது.

வாய்மொழித் தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, தேர்வுக் குழுத் தலைவர் என்னையும் கான்ஷாயிமையும் கூப்பிட்டார்.

"ஆறு புத்தகம் ஒண்ணு சொல்லுது, நீ ஒருத்தி வேற சொல்றே. படம் இருக்கா?"

"அங்க படம் எடுக்க விட மாட்டாங்க, சார். கையாலதான் எழுதிட்டு வந்தேன். சான்றிட்ட நகல் வர ஒரு மாசம் ஆகுமாம்."

"அப்ப வெறும் 47னு மாத்திக்கோ, கைரேகைய எடுத்துடு. இல்லேன்னா இல்லாத சான்ற நீ உண்டாக்கினேன்னுதான் எழுத வேண்டி வரும். தேர்வாளர் நீங்க என்ன சொல்றீங்க, சோவேத்பெக்?"

தேர்வாளர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதில் சர்க்கரை போடவே இல்லை.

"நான் பார்த்தேன் சார்," என்றாள் கான்ஷாயிம் என்னைப் பார்த்து. "நீங்களும் பார்த்திருப்பீங்களே?"

4.

அன்று சாயங்காலம் எஜே என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"பைகே,* உங்க கட்டுரையில 47. அவ ஏட்டுல 47, பின்பக்கம். ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்தத் தாளைப் பார்க்கல. யாரு?"

"முப்பது வருஷம் ஆச்சு, எஜே. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"தாளைப் பார்த்தீங்களான்னுதான் கேட்டேன். ஞாபகம் இருக்கான்னு கேக்கல."

"பார்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, திங்கக்கிழமை நான் லீவு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*பைகே: அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்னை அண்ணன் என்றால் கோபம் என்று அர்த்தம். சான்று: முப்பது வருட அனுபவம்.

5.

எங்கள் காப்பகங்களில் ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கோப்பைத் திறப்பவர் அதில் பெயர், தேதி, எந்தத் தாளைப் பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் 'பார்த்தேன்' என்றேன். பொய் சொல்பவனுக்குத் தன் துறையே மறந்துபோகிறது.

செவ்வாய்க்கிழமை எஜே ஒரு நோட்டுத் தாளை என் மேசையில் வைத்தார். திங்கட்கிழமை நாரின் போய், கோப்பைத் திறக்காமல் முகப்புத் தாளை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்று பெயர்கள். 1967இல் ஓர் ஆய்வாளர்: "தாள் 47." 1982இல் காப்பக ஊழியர் ஒருவர்: "சரிபார்ப்பு." போன வருடம் கான்ஷாயிம்: "தாள் 47, பின்பக்கம்."

"ஆறு புத்தகம்னாங்களே, அது ஆறு இல்ல," என்றார். "அந்த அறுபத்தேழு ஆளு ஒருத்தர்தான். மத்த அஞ்சும் அவரப் பார்த்து எழுதினது. ஏழு தலைமுறை அப்பன் பேரக் கேட்டா மூச்சு விடாம சொல்லுவீங்க. ஒரு வரி யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியலயா? 'இன்னார் நூல்வழி'. ரெண்டே வார்த்தை."

"தலைவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"என் வேலை காற்புள்ளி பாக்கறதுன்னு அவரு எப்பவோ சொல்லிட்டாரு. உள்ள என்ன இருக்குங்கறத தேர்வாளர்தான் சொல்லணுமாம். வியாழக்கிழமை அவளுக்கு முன்னாடி பேசப்போறது நீங்க."

அந்த நோட்டுத் தாளை அவர் வேறு யாரிடமும் காட்டவில்லை. என்னை மாட்டிவிட அவருக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல், நானே சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டார். நான் அவரை மெச்சியதிலேயே உச்சம் அந்த நிமிடம்தான். வெட்கப்பட்டதும் அப்போதுதான்.

6.

அன்று மதியம் இந்தக் கதையை இதுவரை எழுதி, இரண்டு முடிவுகளையும் சேர்த்து, எஜேயிடம் கொடுத்தேன்.

முடிவு அ: பேராசிரியர் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். அவையே எழுந்து நின்று கைதட்டு—

முடிவு ஆ: பேராசிரியர் மௌனம். கான்ஷாயிம் 'பின்பக்கம்' என்பதைத் தன் கையாலேயே அடிக்—

எஜே பென்சிலோடு படித்தார். ஓரங்களில் 'பார்த்தது', 'கேட்டது' என்று குறித்துக்கொண்டே போனார். தேநீர்க் குறிப்பின் பக்கத்தில் 'அவதூறு'. இரண்டு முடிவுகளுக்கும் பக்கத்தில் 'சான்று இல்லை'.

"இத உங்க பட்டியல்ல எந்தத் தலைப்புல சேர்ப்பீங்க, எஜே?"

"இப்பச் சொல்ல முடியாது. வியாழக்கிழமை எந்திரிச்சு சொன்னீங்கன்னா வாக்குமூலம். சொல்லலேன்னா சிறுகதை."

7.

புதன்கிழமை நாரின் போனேன். (இந்த முறை ஏறியது நானேதான்.)

காப்பகத்துப் பெண் கோப்பை முன்னால் வைத்து, "முதல் தடவையா வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. முதல் தடவை."

47ஆம் தாளின் முன்பக்கத்திலேயே ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. பின்பக்கத்து மை ஊறி வந்திருக்கிறது. 1967ஆம் ஆண்டுக்காரர் இதை ஏன் திருப்பிப் பார்க்கவில்லை என்று தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவராவது நாரின் வரை வந்தார்.

திருப்பினேன். பதினொரு கட்டைவிரல் ரேகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண்ணின் பெயர். ஒன்றின் குறுக்கே கத்தி வெட்டிய தழும்பு. ஒன்று மிகச் சிறியது, அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதுகூட இருந்திருக்காது. இவர்களைத்தான் 'கையெழுத்தில்லாத மனு' என்று எழுதினேன். கண் கலங்கிவிட்டது. தாளில் சொட்டக் கூடாது என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

பிறகு முகப்புத் தாளின் நான்காவது வரியில் என் பெயரை எழுதினேன். பார்த்தது: தாள் 47, பின்பக்கம். தேதியைப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது. இந்த வருடத் தேதியைத்தான் போட வேண்டும். என் கட்டுரை வெளிவந்து முப்பது வருடம் கழித்துத்தான் அதன் ஆசிரியர் இங்கே வந்தார் என்பதை இனிமேல் கோப்பைத் திறக்கும் எவரும் படிக்கலாம். போட்டேன்.

8.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

விளையாட்டுக்காக இல்லை. நான் சொல்லி நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டால், என் கட்டுரையை நான் எழுதிய விதத்திலேயே இந்தக் கதையை நீங்கள் வாசித்தவர்கள் ஆவீர்கள். ஏழாவது புத்தகம் வேண்டாம்.

தேர்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு எங்கள் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. கோப்பு 3, தாள் 12. முன்பக்கத்தில் வாக்கெடுப்பின் எண்ணிக்கை. தேர்வாளர் பேசியது பின்பக்கம்.

முகப்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். முதல் வரியில் பூபுசாரா எஜேயின் பெயர் இருக்கிறது. அடுத்த வரி காலியாக இருக்கிறது. உங்கள் பெயரை எழுதுங்கள், தேதியைப் போடுங்கள், பிறகு திருப்புங்கள்.