பிச்சைமணி விட்ட புகை

பண்ணைப்புரம் பிச்சைமணி வாயைத் திறந்து பேசினால் நீலப் புகை வரும். பீடி, சிகரெட்டுப் பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மரம் அறுக்கும் டூ ஸ்ட்ரோக் மெஷினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எரிந்த வாடையோடு ஒரு புகை கிளம்புமே, அதுதான். தேனியில் ஒரு டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் பச்சைப்பிள்ளையுடையதைப் போலச் சுத்தமாக இருக்கிறது என்றார். உத்தமபாளையம் பஸ்ஸில் கண்டக்டர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்கள். தேங்காய் விலை ஏறியதையும் முல்லையாற்றில் தண்ணீர் திறந்ததையும் சொல்கிற அதே குரலில், பிச்சைமணிக்கு இன்றைக்குப் புகை கொஞ்சம் ஜாஸ்தி என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். ஏன் வருகிறது என்பது மட்டும் பிச்சைமணி ஒருவருக்குத்தான் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காதுமடல் சுட்டது.

பிச்சைமணியும் அவர் தங்கை முனீஸ்வரியின் புருசன் சங்கிலியும் ஜோடியாக மரம் அறுத்தவர்கள். மெஷின் பிச்சைமணியுடையது, கை சங்கிலியுடையது. அந்த மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. டூ டி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். உள்ளே ஓடும் பிஸ்டனுக்கு வழுவழுப்பு அந்த ஆயில் ஒன்றுதான். எவ்வளவு கலப்பது என்பதில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வழக்கு. மெஷினோடு வந்த புத்தகம் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு இருபது மில்லி என்றது. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் நாற்பதுக்கு ஒன்று என்றார்கள். பழைய ஆட்கள் இருபத்தைந்துக்கு ஒன்று ஊற்றிவிட்டு, பிளக்கில் கரி பிடித்தாலும் பரவாயில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். சங்கிலி புத்தகத்தின் கட்சி. ஊசி போடும் சிரிஞ்சில் ஆயிலை அளந்து, கேனைக் குலுக்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பார். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் சேர்க்கிறார்கள், நாள்பட்டால் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்பார். கலக்கும் வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை.

விட்டது ஒரே ஒரு தடவை. சுருளிப்பட்டியில் வேலுச்சாமியின் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் பக்கம் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தை இறக்க வேண்டியிருந்தது. அதற்காக லைனில் கரண்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் மறுபடி போட்டாக வேண்டும் என்று வேலுச்சாமி நச்சரித்துக்கொண்டே இருந்தார். சங்கிலி மரத்தின் மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்ததால் பிச்சைமணி கேனை எடுத்தார். ஆயில் பாட்டில் காலி. கம்பத்துக்குப் போய் வாங்கி வர நேரமில்லை. ஒரு டேங்குதானே, ஓடிவிடும் என்று வெறும் பெட்ரோலை ஊற்றி மூடினார். சங்கிலி இறங்கி வந்து மெஷினை இழுத்து ஸ்டார்ட் செய்து அடிமரத்தில் வைத்தார். கொஞ்சம் அறுத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், புகையவே காணோமே. சத்தமும் கீச்சுங்குது. ஆயில் ஊத்துனீகளா?"

"ஊத்தியாச்சு மாப்ள. நீ அறு."

சங்கிலி அறுத்தார். பாதி மரத்தில் பிஸ்டன் இறுகி மெஷின் செத்தது. பிளேடு மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. அதை அவர் உருவப் பார்த்த நேரத்தில் மரம் அரைகுறை வெட்டிலேயே முறுகி, போகக்கூடாத பக்கமாக வந்து அவர் வலது காலின் மேல் விழுந்தது. மரத்தைப் புரட்டி அவரை ஆட்டோவில் ஏற்றியதும் வேலுச்சாமி, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"எவன்யா பெட்ரோல் கலந்தது?"

பிச்சைமணியின் வாய் அவரைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

"எப்பவும் மாப்ளதான் கலப்பாரு."

அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. அதுதான் அவரைப் பின்னால் அதிகம் அரித்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த சங்கிலிக்கு அன்றைக்கு நடந்ததெல்லாம் தண்ணீரில் நனைந்த காகிதம்போல ஊறி அழிந்து போயிருந்தது. நீதான் ஆயில் ஊற்ற மறந்துவிட்டாயாம் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவரும் நம்பினார். பார்க்க வந்த பிச்சைமணியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மச்சான், உங்க மெஷினக் கெடுத்துப்புட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக" என்று அழுதார். அப்படியில்லை மாப்ள என்று சொல்லத்தான் பிச்சைமணி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, புகை வந்தது. நர்ஸ் வந்து, வார்டுக்குள் சிகரெட் குடிக்கிறாயா என்று ஏசினாள். முதல் வாடையிலேயே பிச்சைமணிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அந்த மெஷினிலிருந்து வந்திருக்க வேண்டிய புகை அது.

வருசங்கள் போயின. சங்கிலி கட்டைக்கால் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் தகரம் போட்டு, மெஷின் பிளேடுகளுக்குச் சாணை பிடித்தார், பெட்ரோல் கலந்து கொடுத்தார். பயம் கையில் ஏறிவிட்டது. லிட்டருக்கு நாற்பது மில்லி விடுவார், கேனை மூடுவார், மறந்துவிட்டோமோ என்று திறந்து இன்னும் கொஞ்சம் விடுவார். அவர் கலவை ஊற்றிய மெஷின்கள் செங்கல் சூளையாகப் புகைந்தன. அவர் காதுபடவே சிரித்தார்கள். முனீஸ்வரி சிரிக்கவில்லை, ஏசினாள். மழைநாளில் அவர் காலைத் தடவிக்கொண்டு முனகும்போது, "ஆயில மறந்த மனுசனுக்கு இந்த வலிய மறக்கத் தெரியலையாக்கும்" என்பாள். பிச்சைமணி அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். சங்கிலியை பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் அவர்தான். மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சியது. மெச்சும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூக்கு வழியாகவும் புகை வந்தது.

இந்தத் தை மாசம் ராயப்பன்பட்டி பீட்டர்ராஜ் புதுசாக வாங்கிய மெஷினைச் சாணைக்குக் கொண்டுவந்தார். பிச்சைமணியும் அங்கே இருந்தார். பீட்டர்ராஜ் பெருமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டினார். சங்கிலி கட்டைக்காலோடு விழுந்தடித்து ஓடிப்போய் சுவிட்சை அமத்தினார்.

"ஏலே, வெறும் பெட்ரோலாடா இது? புகையக் காணோம், சத்தம் கீச்சுங்குது..."

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்த சொற்களை வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தோப்பில் மச்சானிடம் இதையேதான் கேட்டது நினைவுக்கு வந்தது. தானே கலந்தவன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். மெல்லத் திரும்பினார். பிச்சைமணியின் முகம் தெரியாத அளவுக்குப் புகை மண்டியிருந்தது.

"மச்சான், அன்னைக்கு நான் ஒங்ககிட்ட கேட்டேன்ல?"

"கேட்ட."

"நீங்க ஊத்தியாச்சுன்னு சொன்னீகள்ல?"

"சொன்னேன்."

பீட்டர்ராஜ் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மாவுக்கையோடு வாசலில் நின்ற முனீஸ்வரி அண்ணனைத் திட்டவில்லை. "அந்த மனுசன நான் ஏசுன ஏச்சையெல்லாம் இனி எங்கன கொண்டுபோய்க் கொட்டுறதுண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பிச்சைமணி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். புகை நின்றுவிடும் என்று அவர் நினைத்திருந்தார். நிற்கவில்லை. மறுநாளிலிருந்து சங்கிலி லிட்டருக்கு இருபது மில்லிக்குத் திரும்பினார். ஒரு தடவை அளந்து, ஒரு தடவை மூடினார்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிச்சைமணி அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். ஆவணியில் சங்கிலி கட்டைக்காலை ஊன்றி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மகாலட்சுமிக்குக் கல்யாணம் வச்சிருக்கு. ஒங்ககிட்ட நான் கேக்க வேண்டியது நெறைய கெடக்கு. அதப் பெறகு கேக்குறேன். பிள்ளைய மணவறைக்குக் கூட்டிட்டு வர தாய்மாமன் வேணும். வாங்க."

பிச்சைமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாரேன்" என்றார்.

கல்யாணத்தன்று தங்கை மகள் மகாலட்சுமியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தபோது, ஒரு சொல்கூடப் பேசிவிடக்கூடாது என்று அவர் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தார். மணையில் உட்கார்ந்ததும் பிள்ளை நிமிர்ந்து, "மாமா, பசிக்குதா?" என்று கேட்டுவிட்டாள். இல்லை ஆத்தா என்று சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. போட்டோக்காரர் கார்த்திக்ராஜ் அந்த நேரம் பார்த்துத்தான் எடுத்தார். பின்னால் கம்ப்யூட்டரில் காட்டி, மாமன் முகத்துப் புகையை அழித்துவிடலாம் அக்கா, ஒரு நிமிச வேலை என்றார். முனீஸ்வரி வெகுநேரம் பார்த்தாள்.

"அழிக்காதப்பா. இருக்குறது இருக்கட்டும்."

ஆல்பம் பெரிய அட்டை போட்டு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் மடியில் வைத்துப் புரட்டுகிறார்கள். அந்தப் பக்கம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, கிட்டத்தில் குனிந்து பார்த்து, பொண்ணோட பட்டுச்சேலையை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள்.