என் மீன்கள் ஊமையில்லை

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் ரகுராம் சார் அனுப்பிய மெயிலைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது ஊமை வம்சம். மதியத்துக்குள் எல்லாவற்றையும் கொன்று தொட்டியைக் காலி செய்யவும்." மூன்று தலைமுறையாக நான் வளர்த்த வரிக்குதிரை மீன்கள்! ஆராய்ச்சிக்கூடத்து மீன் அறைக்கு ஐரின் என்கிற நான்தான் பொறுப்பு. மர்பி டவுன் பேட்டைக்காரி, வாய் சும்மா இருக்காது.

இந்த மீன்களின் செல்லில் கால்சியம் ஏறினால் பச்சையாக ஒளிரும். கருவில் இதயம் எந்தப் பக்கம் என்று முடிவாவதற்கு முன், வாலடியில் உள்ள ஒரு குட்டிப் பையின் இடது ஓரத்தில் கால்சியம் பளிச் பளிச்சென்று மின்னும். முட்டையிட்ட பதினோரு மணி நேரத்தில் அதைப் படம் பிடிக்க வேண்டும். அதற்காகவே மீன் அறை விளக்கு இரவு பத்துக்குத் தானாக எரியும். மீன்கள் விடிந்துவிட்டதென்று நம்பி முட்டையிடும். காலை ஒன்பதுக்குப் படம். ஆனால் ஆறு வாரமாக ஆராய்ச்சி மாணவி தர்ஷினிக்கு ஒரு மின்னலும் சிக்கவில்லை; ஒளிராத மீன் என்பதால்தான் 'ஊமை' பட்டம். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியே இதுதான்.

நேராக மைக்ராஸ்கோப் அறைக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை கிடையாது, அதுவரை நுழைந்ததும் இல்லை. கதவைத் திறந்ததும் வெடவெடத்தது. தர்ஷினி ஸ்வெட்டரோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, என்னா இது, ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்திருக்க?"

"லேசருக்காக ஏசி பதினெட்டுல இருக்கு, ஐரின்."

"முட்டைய எப்ப எடுத்துட்டு வர்ற?"

"ஏழு மணிக்கே. ரெடியா இருக்கட்டும்னு."

"அடிப்பாவி! இருபத்தெட்டு டிகிரில வளர்றத ரெண்டு மணி நேரம் இங்க போட்டா எப்டி வளரும்? நீ கடிகாரத்தப் பாக்குற, அதுக்கு இன்னும் அந்த வயசே வரல!"

அவள் குனிந்து பார்த்தாள். கருவின் முதுகில், வயதைக் காட்டும் கணு ஒன்றுகூட விழவில்லை. முட்டைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மீன் அறைச் சூட்டில் வைத்தேன். சார் வந்து நின்றார்.

"மெயில் பாக்கலயா?"

"பாத்தேன் சார். பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கில்ல? அதுக்குள்ள காட்றேன்."

இரண்டு கணு விழுந்ததும் தட்டோடு மைக்ராஸ்கோப் அறைக்கு ஓடினோம், சாரும் பின்னாலேயே வந்தார். தர்ஷினி ஏசியை அணைத்தாள். திரையில், பையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்து அணைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். தர்ஷினி அழுதுகொண்டே ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாள்.

சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத்தம் எத்தன மீனு இருக்கு?"

"அறுபத்திரண்டு."

"ஒண்ணுகூட சாகக் கூடாது, ஐரின்."

"அதத்தான சார் காலைலேந்து சொல்லிட்டிருக்கேன்!"