கண்ணுசாமி வண்டிச் சத்தம்

"சத்தத்த அடக்கணும்னா இஞ்சினையும் மாத்தணும், கியர் பாக்ஸையும் மாத்தணும். ஒண்ண மட்டும் மாத்துனா ஒப்பேறாதுண்ணே" என்றான் இஞ்ஞாசி. நாகல் நகரில் பட்டறை வைத்திருந்தான். அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஓடுகிற வண்டிக்கு இத்தனை செலவா?

ஓடத்தான் செய்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்தில் கழித்துக்கட்டி, ஏலத்தில் வந்த மோட்டார் சைக்கிள். பிஸ்டன் தேய்ந்து தடதடவென்று அடிக்கும். மூன்றாவது கியர் நிற்காமல் நழுவும். அதனால் இரண்டாவதிலேயே அலறவிட்டுப் போவேன். கண்ணுசாமி வருகிறான் என்று அரை மைலுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மல்லிகைப்பூ வியாபாரிக்கு அது நல்லதுதானே? சத்தம் கேட்டதும் கூடையோடு வரப்புக்கு வந்துவிடுவார்கள்.

கெடுத்தது இழவு சொல்லப் போன வேலைதான். அந்த ஐம்பத்தாறாம் வருஷத்தில் எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிள் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒருவர் கண்ணை மூடினால், வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சேதி சொல்ல என்னைத்தான் தேடி வருவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனேன். போய்ப் போய், என் வண்டிச் சத்தம் என்றாலே சாவுச் சேதி என்று சுற்றுப்பட்டி முழுக்க ஆகிவிட்டது. பூ வாங்கப் போனாலும் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, எந்த வாசலில் நிறுத்துகிறேன் என்று பார்ப்பார்கள். தாண்டிப் போனால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாசியில் ஒருநாள் காலை ராமுத்தாயின் தோட்டத்துக்குப் பூ வாங்கப் போனேன். நான் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. அவள் வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எந்தம்பி போயிட்டானா அப்பு?"

"ஏ ஆத்தா, பூ வாங்க வந்தவன்கிட்ட என்ன பேச்சுப் பேசுற?" என்று கத்தினேன். அவள் காதில் ஏறவில்லை. தம்பியைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். பூவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டு ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். தம்பி கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தான். காலையில் அல்ல, நான் வந்துபோன பிறகு, மத்தியானம். அன்றைக்கு இழவு சொல்ல நான் போகவில்லை. பயந்துவிட்டேன்.

என் மனைவி சண்முகவள்ளி அப்போது பிரசவத்துக்காக ஆயக்குடியில் தாய்வீட்டில் இருந்தாள். எவ்வளவோ காலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி உண்டான பிள்ளை. ராமுத்தாய் விஷயம் அங்கேயும் எட்டிவிட்டது. என் மாமியார் ஜக்கம்மாள் கொய்யாப்பழ வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினாள்: "கொழந்தை பொறக்குற வரைக்கும் அந்தச் சத்தம் நம்ம வீதிக்குள்ள வரவேண்டாமுங்க."

பஸ்ஸில் போகவேண்டியதுதானே என்பீர்கள். சொந்த வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பெண்டாட்டியைப் பார்க்கத் திருடன் மாதிரி ஒளிந்து போவேனா? விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. சும்மா தருகிறேன் என்றாலும் கும்பிடு போட்டார்கள். அதனால்தான் இஞ்ஞாசியிடம் வந்தேன். அவன் சொன்ன தொகையைக் கேட்டு முறைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும், காசைக் கரியாக்காதே என்றது ஒரு மனம். பிறக்கிற பிள்ளை காதில் அந்தச் சத்தமா விழவேண்டும் என்றது இன்னொரு மனம். கடைசியில் கறவை மாட்டை விற்றுவிட்டு மறுபடி பட்டறைக்குப் போனேன்.

"மாத்திப்போடு. பழைய சத்தம் துளிகூட வரக்கூடாது."

"தொண்டையவே மாத்திப்புடுறேண்ணே" என்றான் இஞ்ஞாசி.

மாற்றினான். கியர் ஒவ்வொன்றும் நழுவாமல் விழுந்தது. தையல் மெஷின் அளவுக்குக்கூடச் சத்தமில்லை. அன்று மத்தியானமே ஆயக்குடிக்குக் கிளம்பினேன். வழியில் களையெடுத்த பெண்கள் ஒருத்தியும் நிமிரவில்லை. ஆயக்குடி வீதியில் படுத்திருந்த நாய்கூட எழவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொடுத்த காசு தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்திக் காலை ஊன்றினேன். வள்ளி வயிற்றைத் தாங்கிக்கொண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம்" என்றேன்.

இழவு சொல்லப் போகிறவன் வண்டியை விட்டு இறங்கமாட்டான். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டான். எத்தனை வாசலில் அப்படி மறுத்திருப்பேன்! பழகிப்போன வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. இஞ்சினைக்கூட நான் அணைக்கவில்லை.

பின்னால் நின்ற ஜக்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "யாருங்க மாப்பிள்ளை? யாரு போனது?"

"யாருமில்ல அத்தை! சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." அவசரமாக இஞ்சினை அணைத்து இறங்கி, செம்பை வாங்கி மடமடவென்று குடித்தேன். சிரிக்கவும் செய்தேன். மாமியார் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

வள்ளி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, உள்ளே கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"விடிஞ்சதுல இருந்து வயித்துல அசைவே இல்லீங்க. அம்மாகிட்டக்கூட இன்னும் சொல்லலை. உங்களுக்கு யாருங்க சொன்னது?"