நாற்பத்தொன்றாம் காகிதம்

சேந்த்-ஒதில் நகர வரலாற்றுச் சங்கத்தின் பெட்டியில் ஒரு காகிதம் குறைந்தது. நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு இருந்தது. இடையில் ஒன்றைக் காணோம்.

கிஸ்லேன் திவியேர்ஜ் முப்பது வருடம் பால் பண்ணைகளைச் சோதித்த அதிகாரி. பாலில் தண்ணீர் சேர்ந்திருப்பதைப் பண்ணைக்காரனின் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஓய்வுக்குப் பிறகு நகரத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்காகப் பழைய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்த வாரம் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் ஒரே ஆள்தான்: ஃபெர்னான் லாஷாரித்தே. பெட்டியைச் சங்கத்துக்குக் கொடுத்தவரும் அவரே. செத்துப்போன தன் அப்பாவின் காகிதங்கள் என்று கொண்டுவந்து வைத்தவர், பத்தே நாளில் எதற்குத் திரும்ப வந்தார்?

லாஷாரித்தே என்ற பெயரே அவள் வீட்டில் கசப்பு. 1944இல், உலகப் போருக்கான கட்டாயப் படைச் சேர்ப்புக்குத் தப்பி அவளுடைய பெரியப்பா லோரியே, மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் குடிசையில் ஒளிந்திருந்தார். ராணுவப் போலீஸ் நேராக அங்கேயே வந்து நின்றது. அக்கம்பக்கத்தில் டெலிபோன் இருந்தது ஒரே வீட்டில், லாஷாரித்தே வீட்டில். அன்றிலிருந்து லாஷாரித்தே குடும்பத்துக்கு யாரும் அறுவடைக்கு ஆள் அனுப்பவில்லை. தேவாலயத்தில் அவர்கள் பெஞ்சில் யாரும் உட்காரவும் இல்லை.

மறுநாள் காலை அவள் ஃபெர்னானின் மாட்டுக்கொட்டகைக்கே போய் நின்றாள்.

"என்னம்மா, திவியேர்ஜ் வீட்டு ஆளு எங்க வாசல் மிதிக்குது? மழை வரப்போகுது போல."

"கிண்டலெல்லாம் அப்புறம். நாற்பத்தொண்ணு எங்க?"

"என்ன நாற்பத்தொண்ணு?"

"உங்க அப்பா காட்டிக்கொடுத்ததுக்கு அத்தாட்சி அதுல இருந்துச்சு. அதான் உருவிட்டீங்க. சரிதானே?"

ஃபெர்னான் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார்.

"ஆமா. எங்க அப்பாதான் போன் பண்ணாரு" என்றார். "இங்கயே நில்லுங்க."

வீட்டுக்குள் போய் மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பென்சில் எழுத்து.

'இந்தக் குளிர் என்னால முடியல. ரெண்டு கால்விரல் கறுத்துப்போச்சு. நானா போய்ப் பட்டாளத்துல சேர்ந்தா அப்பா என் முகத்துல முழிக்க மாட்டாரு. உங்க வீட்டு போன்ல போலீஸுக்குச் சொல்லிடுங்க. நான் கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேணாம். லோரியே.'

"இத நீங்களே எழுதியிருக்கலாம்" என்றாள் கிஸ்லேன்.

"எழுதியிருந்தா ஏன் ஒளிக்கணும்? ஊருக்கே காட்டியிருப்பேனே! அப்பா வாக்குக் கொடுத்திருந்தாரு. பெட்டிய ஒழுங்காப் பார்க்காம உங்ககிட்டக் கொடுத்தது என் தப்பு."

அவள் மறுபடி படித்தாள். ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் கீழே சரிந்தது. அந்தச் சரிவு அவளுக்குத் தெரியும். போரிலிருந்து திரும்பிய பெரியப்பா அவர்கள் வீட்டிலேயே முப்பது வருடம் இருந்தார். கடைச் சாமான் பட்டியல் எழுதுவது அவர் வேலை. சாப்பாட்டு மேசையில் அவளுடைய அப்பா லாஷாரித்தேக்களைத் திட்டாத ஞாயிறு கிடையாது. பெரியப்பா உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் முகம் சூடேறியது. யார்மேல் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"மலர்ல போடட்டுமா?"

"வாக்குக் கொடுத்தது அப்பா. அவரும் இல்ல, வாங்குனவரும் இல்ல" என்றார் ஃபெர்னான். "அது உங்க வீட்டு மானம். நீங்களே முடிவு பண்ணுங்க."

சாயங்காலம் தம்பி ரெஜானிடம் காட்டினாள். அவன் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

"கள்ளக் கையெழுத்து, அக்கா. அந்தக் குடும்பம் எதையும் செய்யும். உன்னையே ஏமாத்திட்டானா?"

"கையெழுத்தப் பாருடா."

"பார்க்க மாட்டேன்."

கிஸ்லேன் மலரில் அந்தக் குறிப்பை முழுதாக அச்சிட்டாள். அடியில் 'லோரியே திவியேர்ஜின் கையெழுத்து. உறுதி செய்தவர் அவருடைய தம்பி மகள்' என்று சேர்த்தாள். ரெஜான் ஒரு பிரதிகூட வாங்கவில்லை. கடைத்தெருவில் சிலர் அவள் முதுகுக்குப் பின்னால், லாஷாரித்தே இவளுக்கு என்ன கொடுத்தானோ என்று பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தும் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.