சிமிக்குக் காராமணி

பார்த்திபன் லாகோஸிலிருந்து கூப்பிட்டபோது பரிமளா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் பட்டு நெய்கிறவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவளுக்குப் பகல் வேலை. அவள் கணவன் பார்த்திபன் லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெக்கானிக். மகன் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். ஆரணி வீட்டில் அவள் மட்டும்தான்.

பார்த்திபன் சுற்றி வளைத்துப் பேசினான். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் ஃபோலாகே என்று ஒரு பெண், கணவனை இழந்தவள். அவளுடைய எட்டு வயது மகள் சிமிக்கு இதயத்தில் ஓட்டை. வேலூருக்கு அழைத்து வந்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறதாம்.

"ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துடு, பரி. எனக்கு ரொம்ப வேண்டியவங்க."

எப்படி வேண்டியவர்கள் என்று பரிமளா கேட்டாள். நேரில் வந்து சொல்கிறேன் என்றான். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் போகாமலே இருந்தாள். மூன்றாம் நாள், ஆபரேஷன் ஆன குழந்தை பட்டினி கிடக்கிறது என்ற நினைப்பு உறுத்த, கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள்.

லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. சமைக்க அனுமதி இல்லை. ஓட்டலிலிருந்து வாங்கிய இட்லி பொட்டலம் பிரித்தபடியே காய்ந்து கிடந்தது. ஃபோலாகே உயரமானவள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத வீக்கம். பரிமளா பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பரிமளாவுக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த சிமியின் கணுக்கால் முருங்கைக்குச்சி போல இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் மனதில் வேறு கேள்வி நிற்கவில்லை. அடுத்த பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, வாடகைக் கார் பிடித்து இருவரையும் ஆரணிக்கு அழைத்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் சிமி வாய் திறக்கவில்லை. ரசம் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோசையை ஒரு வாய் மென்று துப்பினாள். பரிமளா பிளஸ் டூ வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். குழந்தை ஒரே வார்த்தை சொன்னது: "பீன்ஸ்."

மறுநாள் காலை பரிமளா பீன்ஸ் பொரியல் செய்து வைத்தாள். சிமி அந்தப் பச்சைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஃபோலாகே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரிமளா கொல்லைப்புறம் போய்ப் பார்த்திபனைக் கூப்பிட்டாள். அவன் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் பீன்ஸ் என்பது நம் காராமணி. வேகவைத்து, தக்காளி, வெங்காயம், சிவப்புக் குடமிளகாய், மிளகாய் எல்லாம் அரைத்து எண்ணெயில் வதக்கிச் சேர்க்க வேண்டும். கருவாட்டுப் பொடி மாதிரி ஒன்றும் போடுவார்கள், குட்டி இறாலில் செய்தது. அவன் வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டே போனான். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

காராமணி டப்பாவில் இருந்தது. ஊறவைக்க நேரமில்லை. கழுவி, தண்ணீர் கூடுதலாக விட்டுக் குக்கரில் ஏற்றினாள். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சந்தையில் வாங்கிய சென்னாக்கூனி கொஞ்சம் கொடுத்தாள். அந்தப் பொடி இறாலைப் பரிமளா வெறும் சட்டியில் வறுத்தபோது, கூடத்தில் படுத்திருந்த ஃபோலாகே எழுந்து சமையலறைக்கு வந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே வைத்தாள். தன் மொழியில் ஏதோ சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. ஆபரேஷன் நாளிலும் தான் அழவில்லை என்று பின்னால் சொன்னாள்.

ரேஷன் பாமாயில் பாக்கெட்டை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவர்கள் ஊர்ப் பாமாயில் செக்கச்செவேலென்று இருக்குமாம். பரவாயில்லை என்று சட்டியில் ஊற்றினாள். அரைத்த விழுது வதங்கத் தொடங்கியதும் பரிமளா பழக்க தோஷத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள். ஃபோலாகே அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுக்க வேண்டும் என்று சைகை காட்டினாள். குழந்தைக்கென்று உப்பையும் காரத்தையும் குறைத்தே போட்டிருந்தார்கள்.

அடுப்பெதிரே நின்றபடிதான் ஃபோலாகே அதைச் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, பரிமளாவுக்குப் புரிகிற மாதிரி. போன மழைக்காலத்தில் பார்த்திபனுக்கு மலேரியா. அறைக்கதவு திறக்காததைப் பார்த்து உடைத்துக்கொண்டு போனார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவனால் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. இதே காராமணியைக் குழைய வேகவைத்து அவள்தான் ஊட்டினாள். காய்ச்சலில் அவன் தமிழில் பேசிக்கொண்டே இருந்தான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திரும்பத் திரும்ப வந்த 'பரி' என்ற ஒரு சொல்லைத் தவிர.

"மருந்து பேருன்னு நெனச்சேன்," என்று அவள் சொன்னதைப் பரிமளா பிற்பாடு காசியம்மாளிடம் தமிழில் சொல்லிச் சிரித்தாள். அந்த நேரத்தில் சிரிக்கவில்லை. கரண்டியை ஃபோலாகேயிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். போன மழைக்காலத்தில் பல நாள் அவனிடமிருந்து போன் வரவில்லை. டவர் பழுது என்றான். இவள் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

ஃபோலாகே அவள் முதுகில் ஒரு கை வைத்து, மறு கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

காராமணி சேர்ந்து கொதித்து இறுகியது. நேந்திரம்பழம் இருக்கிறதா என்று ஃபோலாகே கேட்டு, வெட்டி எண்ணெயில் பொரித்தாள். பழத்தைக் கறியோடு தின்பதா என்று பரிமளாவுக்கு விநோதமாக இருந்தது. தட்டை வைத்ததும் சிமி எழுந்து உட்கார்ந்தாள். முதல் வாய் மெதுவாகப் போனது. பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை வழித்துவிட்டு நீட்டினாள். இரண்டு பெண்களும் எதிரே உட்கார்ந்து, ஏதோ அதிசயம் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் தாங்கள் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் பரிமளா அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அங்க அழுதுகினு இருப்ப. நான் இங்க இருந்துகினு இன்னா பண்றது?"

"அழுதா அழுதுட்டுப் போறேன். காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லுங்க. யாரோ ஒருத்தங்க வந்து சொல்லியா நான் தெரிஞ்சிக்கணும்?"

"சரி," என்றான். பிறகு, "சிமி சாப்ட்டாளா?" என்று கேட்டான்.

"ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டா. நானும் சாப்ட்டேன். நல்லாதான் கீது."

பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ஊருக்குப் போகலாம் என்றார் டாக்டர். விமானம் அந்த வாரக் கடைசியில்தான். லாட்ஜுக்குப் போக வேண்டாம் என்று பரிமளா சொன்னதை ஃபோலாகே மறுக்கவில்லை. அந்த நாட்களில் சிமி கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தாள். காசியம்மாள் வீட்டுப் பேத்திகளோடு வாசலில் உட்கார்ந்து விளையாடக் கற்றுக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், காயப்போட்ட துணிகளைப் பரிமளாவும் ஃபோலாகேயும் மடித்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டில் யாரோ பிடிக்க வர, சிமி சட்டென்று எழுந்து தெருவில் ஓடினாள். பிறந்ததிலிருந்து அவள் ஓடி அவள் அம்மா பார்த்ததில்லை. இன்னும் சில மாதம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபோலாகே தன் யோருபா மொழியிலும் பரிமளா தமிழிலும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். சிமி நின்று திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்கவில்லை. பரிமளாதான் போய் அவள் கையைப் பிடித்து, மெதுவாக நடத்திக் கூட்டி வந்தாள்.