கைராசிச் சந்தனம்

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் வெளிவாசல் நாற்காலிகளில் காலையிலேயே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். ஒருவர் மடியில் மின்சாரச் சோற்றுப்பானை, இன்னொருவர் காலடியில் இறக்கை உடைந்த காற்றாடி. பிரமிளாவின் முன்னால் ஒரு தள்ளுவண்டி. அதில் பாத்தேக் கைலி சுற்றிய தையல் மெஷின். காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவள் மாதிரி அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அவள் கணவன் புவனேஸ்வரன். லாரி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவன், பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். உள்ளே போனதும் பொட்டு வைத்தது யார் என்று போட்டு உடைத்துவிடு, அவ்வளவுதான் என்றான்.

"நான் சொல்ல மாட்டேன். சாமி பேரச் சொல்லி வச்ச பொட்டு. அதப் போயி குத்தம் சொன்னா என் தொழில் வெளங்குமா?"

"இப்ப மட்டும் என்னா வெளங்குதாம்?"

பிரமிளா கைலியின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வயசில் பாதியைக் கொடுத்து உழைத்த தொழிற்சாலை, வேலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பியது. போகிறவளுக்குக் கொடுத்த தொகையில்தான் இந்த மெஷினை வாங்கினாள். சாதாரண மெஷின் இல்லை, கம்ப்யூட்டர் மெஷின். சின்னத் திரை இருக்கும். பொத்தானைத் தட்டினால் பிளவுஸ் கழுத்துக்குப் பூவேலையெல்லாம் அதுவே போடும். இதைவிட மலிவாக விற்கும் பேரங்காடிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பிரமிளா லிட்டில் இந்தியாவில் இருக்கும் குமரப்பன் கடைக்குத்தான் போனாள். குமரப்பனுக்குக் கைராசி. கிரைண்டரோ ஃபிரிட்ஜோ, எது விற்றாலும் மனுஷன் கல்லாவை விட்டு எழுந்து வருவார். பன்னீரில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி வழிய வழிய வைப்பார். அதன் மேல் குங்குமம், பிறகு ஒரு முழம் பூ. அந்தக் கைக்காகவே சுங்கை பாக்காப்பிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். திரைக்கு நேர் மேலே அவர் பொட்டு வைத்தபோது பிரமிளா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தீபாவளித் துணிகள் கட்டில் மேல் குவிந்திருந்த நேரம் பார்த்து மெஷின் கீக் கீக் என்று கத்திவிட்டு நின்றது. திரை இருண்டு போனது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டெக்னீஷியன் திறந்து பார்த்தான். மேல்மூடியில் காய்ந்து கிடந்த மஞ்சள் கறையைப் படம் எடுத்தான். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வாரண்டி செல்லாது என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா? என்ன ஊற்றினீர்கள் என்று அவன் கேட்டபோது, கல்லாவில் குமரப்பன் தலையைக் குனிந்து சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரமிளா வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாயை ஒப்புக்கொண்ட வாயாக எடுத்துக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு முதல் வாரம் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். இனி தை மாதக் கல்யாணங்கள்தான் மிச்சம். இன்றைக்குத் தீர்ப்பாயமும் கைவிட்டால் ஹோட்டலில் தரை துடைக்கப் போக வேண்டியதுதான். அங்கே பேர்கூடக் கொடுத்து வைத்திருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே கூண்டும் இல்லை, கறுப்பு அங்கி போட்ட வக்கீலும் இல்லை. ஒரு நீள மேசை. தலைவர் ஷரீஃபா அம்மையார், மலாயில் சொன்னால் புவான் ஷரீஃபா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே குமரப்பன், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பிரமிளாவைப் பார்த்ததும் பழக்கத்தில் "வாம்மா" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

பேச்செல்லாம் மலாயில் நடந்தது. குமரப்பன் படத்தை நீட்டினார். ஈரம் போயிருக்கிறது, கம்பெனி ஏற்காது, நான் என்ன செய்வேன் என்றார். புவான் ஷரீஃபா படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீருக்கு ஏது மஞ்சள் நிறம் என்று கேட்டார். குமரப்பன் செருமினார். சந்தனம், இந்தியர்கள் புதுப் பொருளுக்கு வைப்பது வழக்கம் என்றார்.

"யார் வைத்தது? நீங்களா?" புவான் பிரமிளாவின் பக்கம் திரும்பினார்.

பிரமிளாவுக்குப் பின்னால் புவனேஸ்வரன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஆமாம் என்றால் பிழைப்புப் போச்சு. இல்லை என்றால் சாமி குத்தம். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தாள். கட்டில் மேல் காலியாகிப் போன இடம் நினைவுக்கு வந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. புவானைப் பார்க்காமல் குமரப்பனின் நெற்றியைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. வச்ச கை யாரு கைண்ணே?"

குமரப்பன் மேசையைப் பார்த்தார். தம் விரல்களைப் பார்த்தார். அன்றைக்குக் காலையில் வைத்த சந்தனம் நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

"சாமி காரியத்துல பொய் சொல்ல முடியாதும்மா," என்றார் மெதுவாக. பிறகு புவானிடம் மலாயில், நான்தான் வைத்தேன், எல்லாருக்கும் நான்தான் வைப்பேன், அப்பா காலத்துப் பழக்கம் என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புவான் ஷரீஃபா பேனாவைக் கீழே வைத்தார். சந்தனத்தால் கெடுதல் இல்லை என்றால் கெட்டது மெஷின். அது கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு. சந்தனத்தால்தான் கெட்டது என்றால் கெடுத்தது உங்கள் கை. எப்படிப் பார்த்தாலும் இந்த அம்மாவின் தலையில் கட்ட வழியில்லை என்றார். புது மெஷின் கொடுக்கும்படி உத்தரவானது.

வெளியே வந்ததும் பிரமிளா படிக்கட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புவனேஸ்வரனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. ஹோட்டலுக்குப் போன் போட்டு, வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு, பசிக்குதுங்க என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. இருவரும் முதலில் கண்ணில் பட்ட கடையில் ரொட்டிச்சானாய் சாப்பிட்டார்கள். அவள் இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கினாள்.

அடுத்த வாரம் புது மெஷினை எடுக்கப் போனார்கள். குமரப்பன் முகம் கோணவில்லை. போட்டுக் காட்டினார், திரை பளிச்சென்று எரிந்தது, ஊசி துணியில் சின்னப் பூ ஒன்றைப் போட்டது. பிரமிளா அந்தப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள். பழக்கம் விடுமா? அவர் கை சந்தனக் கிண்ணத்துக்குப் போய், பாதி வழியில் நின்றது.

"வைக்கட்டுமாம்மா?"

"வேணாண்ணே. பூவ மட்டும் குடுங்க."

பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். புவனேஸ்வரன் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினான்.

கடையில் இன்னொரு பெண்மணி நின்றிருந்தார். வெயிலில் கறுத்த முகம், ரப்பர் செருப்பு. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து சுங்கை பாக்காப்பிலிருந்து வந்ததாகச் சொன்னார். அப்பளம் செய்து விற்கிறவராம், மாவு பிசைய மெஷின் வேண்டியிருந்ததாம். குமரப்பன் அவர் பக்கம் திரும்பி, மூன்று விரலால் சந்தனத்தை அள்ளினார். அந்தப் பெண்மணி கண்ணை மூடிக் கைகூப்பினார்.

சுவரில் மூன்று மொழிகளில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசைகூட இன்னும் காயவில்லை. ஈரம் பட்ட பொருளுக்கு வாரண்டி கிடையாது.

"அக்கா," என்றாள் பிரமிளா, "அவரு வைக்கிறப்ப ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்களேன்."

கூப்பிய கையைப் பிரிக்காமல் அந்தப் பெண்மணி தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. சந்தனம் மாவு மெஷினின் மேல்மூடியில் வழிந்து, பொத்தான்களை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.