பந்தின் மேல் வைத்த கால்

என் புருஷன் எவெலியோ தெருவில் வந்தால் போதும், கறிக்கடை பெனிக்னோ கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சில்லறையை ஆட்டுவான். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றவன் என்று அர்த்தம். பெனிக்னோ மட்டுமா? எங்கள் ஊர் வல்தெரியோவில் பாதி ஆண்பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எவெலியோ எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் முன்கள வீரன். அப்பாவைப் போலச் சுரங்கத்தில் இறங்க வேண்டியவன், காலால் பிழைத்தான். அவன் போட்ட கோல்களால்தான் அணி முதல் பிரிவின் வாசல்வரை போனது. ஜெயித்தால் முதல் பிரிவு என்றிருந்த கடைசி ஆட்டத்துக்கு முன்பு பயிற்சியில் அவன் வலது பாதத்தில் எலும்பு முறிந்தது. கழகத் தலைவர் தோன் ரமிரோ என்ன செய்தார் தெரியுமா? "வெளிய மூச்சு விடாத, தெரிஞ்சா அந்தக் காலையே மிதிப்பானுங்க" என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட வைத்து இறக்கிவிட்டார். காலியான கோலுக்கு நேராக நின்று எவெலியோ பந்தை வெளியே அடித்தான். தோற்றோம். வீட்டுக்கு வந்ததும் கத்தியால் அறுத்துத்தான் பூட்ஸைக் கழற்றினேன். பாதம் கத்திரிக்காய் மாதிரி கறுத்து வீங்கிக் கிடந்தது.

"அடுத்த வாரம் நானே ஊருக்குச் சொல்லிடறேன்" என்றார் ரமிரோ. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நாங்களே சொன்னோம். சாக்கு சொல்கிறோம் என்றார்கள். காலும் போச்சு, ஆட்டமும் போச்சு, பேரும் போச்சு.

வருஷங்கள் ஓடிப்போய், இந்த வருஷம் கழகத்தின் பெரிய ஆண்டுவிழா. விழா ஆட்டம் என்றால் பழைய வீரர் ஒருவரை மைதானத்து நடுவில் நிறுத்தி, முதல் பந்தைத் தட்டச் சொல்வார்கள். அவர் தட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஆட்டம். எவெலியோவைக் கூப்பிட ரமிரோவே வீட்டுக்கு வந்தார்.

"வாப்பா, பழசை எல்லாம் மறந்துடுவோம்."

"மறக்கிறது இருக்கட்டும். மைக்கில உண்மையைச் சொல்வீங்களா?" என்று கேட்டான் எவெலியோ.

"எங்கம்மா மேல சத்தியம்!"

நான் ஊற்றிக் கொடுத்த ஆப்பிள் மதுவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். வெட்கங்கெட்ட மனுஷன்.

அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில், என் தலையெழுத்து, பெனிக்னோ. எவெலியோ நொண்டிக்கொண்டே நடுவில் போய் நின்றான். ரமிரோ மேலே மேடையில் மைக்கைப் பிடித்தார்: "தவறு செய்தவர்களையும் மன்னித்து அணைத்துக்கொள்வதுதான் நம் கழகத்தின் பெருமை!"

மன்னிப்பா? யார் யாரை மன்னிப்பது?

"அடப்பாவி!" என்று கத்தினேன். சீழ்க்கைச் சத்தத்தில் யார் காதில் விழும்?

எவெலியோ பந்தின் மேல் வலது காலை வைத்தான். தட்டவில்லை. எடுக்கவும் இல்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் ஊளையிட்டது. பெனிக்னோவின் கை பைக்குள் போனது. சலசலவென்று ஆட்டினான்.

நடுவில் நடந்த பேச்சை எவெலியோ பிறகு சொன்னான்.

"ஐயா, தட்டிட்டுப் போங்க. நேரமாகுது" என்றாராம் நடுவர்.

"தம்பி, உன்மேல எனக்குக் கோபமில்ல. அந்தாளை இறங்கி வரச் சொல்லு."

ரமிரோ தூறலுக்குக் குடை பிடித்தபடி மேடையிலிருந்து ஓடி வந்தார். "ஏன்டா மானத்தை வாங்குற? ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன்."

"உங்க 'முடிஞ்சதும்' எனக்குத் தெரியும். இப்பச் சொல்லுங்க."

நடுவர் இடையில் புகுந்தார். "தலைவரே, இவர் நீங்க கூப்பிட்ட ஆளு. ஆட்டம் நின்னா உங்க கழகத்து மேலதான் புகார் எழுதுவேன்."

ஆட்டம் தொடங்காத எரிச்சலில் கூட்டம் இப்போது ரமிரோவைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தது. அவர் மைக்கைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அன்னிக்கு இவன் கால் உடைஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். ஊசி போட வெச்சது நான்தான். வெளிய சொல்லாதன்னதும் நான்தான்."

ஊளை நின்றது. எவெலியோ அந்தக் காலாலேயே பந்தைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் நொண்டி நொண்டி வெளியே வந்தான். அங்கங்கே கைதட்ட ஆரம்பித்தார்கள். நான் தட்டவில்லை.

பெனிக்னோ என் பக்கம் திரும்பினான். "லூதிவினா... எங்களுக்குத் தெரியாதே."

"தெரியாதா? உன் கடை வாசல்லயே நின்னு சொன்னேனே! கறியை வெட்டிக்கிட்டே சிரிச்சியே! இப்ப ஆட்டுய்யா. என் காது கேக்க ஆட்டு, பாப்போம்."

பைக்குள் இருந்த அவன் கை அசையவில்லை.